தேறுவானா என்று கேட்டவர்களுக்கு

எங்கள் வீட்டில் ‘தேறுவது’ என்ற சொல் முதலில் எனக்குத்தான் சொந்தமாக இருந்தது.

திருவாதவூருக்குப் பக்கத்தில், கண்மாய்க்குக் கீழே உள்ள சின்ன ஊர் எங்களுடையது. பதினோராம் வகுப்பு முடிவு வந்த அன்று அண்ணன் தெருத்தெருவாகப் போய், “என் தங்கச்சி தேறிட்டா, என் தங்கச்சி தேறிட்டா” என்று சொல்லிவிட்டு வந்தான். கேட்டவர்களில் பாதிப் பேர் நான் நோவு கண்டு பிழைத்ததாக நினைத்துக்கொண்டார்கள். பக்கத்து வீட்டு அத்தை கிண்ணத்தில் மிளகு ரசத்தோடு வந்து, “புள்ளைக்கு என்ன காய்ச்சலா? ஒரு வார்த்தை சொல்லலையே” என்று அம்மாவிடம் கோபித்துக்கொண்டார். எங்கள் தெருவில் அதுவரை நோயிலிருந்துதான் ஆட்கள் தேறியிருந்தார்கள். பரீட்சையில் தேறியது நான் ஒருத்திதான். அந்த ரசத்தைக் குடித்துக்கொண்டே அண்ணனும் நானும் சிரித்த சிரிப்பு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அண்ணன் மூன்றாம் வகுப்போடு நின்றவன். எங்களைப் பெற்ற ஐயா சீக்கிரமே போய்விட்டதால், வயலில் கூலிக்கும் பிறகு லாரியில் பாரம் ஏற்றவும் போனான். நான் பி.யூ.சி. முடித்து, மதுரையில் ஹாஸ்டலில் தங்கி, பி.எஸ்ஸி. விலங்கியல் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பரம்பரையிலேயே கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். அந்தப் பெருமை என்னைவிட அண்ணனுக்குத்தான் அதிகம். என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டான். “ஏ கலெக்டரு, இங்க வாடி, முதுகு சொறிஞ்சு விடு” என்பான். கலெக்டர் என்பவர் முதுகு சொறிகிறவர் இல்லை என்பேன். “எங்க ஊட்டுக் கலெக்டரு அப்படித்தான்” என்பான்.

அண்ணனுக்கு மாமா மகளைப் பேசி வைத்திருந்தது. அம்மாவின் கூடப்பிறந்த தம்பிதான் மாமா. வாடிப்பட்டிப் பக்கம் கிணற்றுப் பாசனத்தில் கொஞ்சம் நிலம் வைத்திருந்தார். பூ வைக்கவில்லை, பரிசம் போடவில்லை, வாய்ப்பேச்சுதான். ஆனாலும் முறைப்பெண் என்பதால் அது போதுமானதாக இருந்தது. வைகாசியில் கல்யாணம் என்று சொல்லிக்கொண்டார்கள். மாமா மகளுக்கு என் வயதுதான், நான்தான் அவளைக் கேலியாக மதினி என்பேன். அவள் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அண்ணன் வாசலிலிருந்தே ஆரம்பித்துவிடுவான்.

“ஏ கழுத, உள்ள வாடி.”

“நான் என்ன உங்க வீட்டுக் கழுதையா மச்சான்?”

“இப்ப இல்ல. வைகாசில இருந்து.”

அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். திருப்பிக்கொண்ட பக்கத்தில் நான் இருப்பேன். அதனால் அவள் சிரிப்பது எனக்கு மட்டும் தெரியும்.

தை அறுப்பு முடிந்த சமயம். வைக்கோல் பாரம் ஏற்றிய லாரியின் உச்சியில் படுத்துக்கொண்டு வருவது அண்ணனுக்குப் பிடித்த காரியம். பஞ்சு மெத்தையில்கூட அந்தச் சுகம் இல்லை என்பான், பஞ்சு மெத்தையை அவன் பார்த்ததே இல்லை என்றாலும். சாலையோரத்துப் புளியமரக் கிளை ஒன்று தாழ்ந்து கிடந்திருக்கிறது. அது தட்டியதில் அவன் ரோட்டில் விழுந்தான். காது வழியாக ரத்தம் வந்ததாம். மற்றபடி உடம்பில் ஒரு சிராய்ப்புக்கூட இல்லை. ஹாஸ்டலுக்கு ஆள் வந்து சொல்லி, நான் பெரியாஸ்பத்திரிக்குப் போனபோது, தூங்குகிறவன் போலத்தான் கிடந்தான். தலையில் கட்டு, கையில் குளுகோஸ். மார்பு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அம்மா அவன் காலடியில் உட்கார்ந்து உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று முதல் ‘தேறு’ என்ற சொல் என்னை விட்டுப் போய்விட்டது. வருகிறவர்கள் எல்லாரும், “தேறிருவானா?” என்றுதான் கேட்டார்கள்.

ஆளாளுக்குப் பதிலும் வைத்திருந்தார்கள். அம்மா எங்கள் ஊர்க் கோயிலில் பூக்கட்டிப் பார்க்கச் சொல்லி ஆள் அனுப்பினாள். வெள்ளைப் பூ வந்தது, தேறிவிடுவான். பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி, இடது கண் துடிக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். மேலத்தெருப் பெரியவர் ஒருவர், காதில் ரத்தம் வந்தால் நல்லது, கெட்டதெல்லாம் வெளியே போய்விட்டது என்றார். அவர் கூட வந்தவர், காதில் ரத்தம் வந்தால் ஆள் தங்காது என்றார். இரண்டு பேரும் அண்ணனின் தலைமாட்டில் நின்றே அதைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டார்கள். ஒன்றும் சொல்லாதவர் பெரிய டாக்டர் மட்டும்தான். வருவார், இமையைத் தூக்கி டார்ச் லைட் அடிப்பார், நெஞ்சில் அழுத்திக் கிள்ளுவார். அண்ணனின் கை லேசாக மேலே வரும். “ம்” என்பார். போய்விடுவார்.

“தூங்குற புள்ளையக் கிள்ளிட்டு, ம்முங்குறாரு” என்று அம்மா முணுமுணுப்பாள்.

“வலி தெரியுதான்னு பாக்குறாரும்மா.”

“தெரிஞ்சாத் தேறிருவானா?”

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. வார்டில் எல்லோரும் என்னை ‘இங்கிலீசு பேசுற புள்ள’ என்றார்கள். டாக்டர்கள் தங்களுக்குள் பேசுவதைக் கேட்டுச் சொல்ல என்னைத்தான் முன்னால் தள்ளினார்கள். நான் கேட்டுச் சொன்னேன். மண்டை எலும்பில் கீறல் இருக்கிறதாம், எக்ஸ்ரேயில் தெரிகிறதாம். உள்ளே என்ன ஆகியிருக்கிறது என்று எக்ஸ்ரேயில் தெரியாதாம்.

என் படிப்பில் மூளை இருந்தது, தவளை மூளை. அந்த வருஷம்தான் சோதனைக்கூடத்தில் தவளையின் கழுத்துக்குப் பின்னால் ஊசியை விட்டு மூளையைக் கலைக்கக் கற்றிருந்தோம். கலைத்த பிறகும் அமிலம் தொட்ட பஞ்சைக் காலில் வைத்தால், தவளை காலை இழுத்துக்கொள்ளும். பார்த்துப் படம் வரைந்து நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தேன். டாக்டர் கிள்ளும்போது அண்ணனின் கை மேலே வருவதைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்கு அந்தத் தவளைக் கால்தான் ஞாபகத்துக்கு வந்தது. மற்றவர்கள் அந்தக் கை அசைவதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள். நான் மட்டும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த வார்டிலேயே படித்தவளாக இருந்ததில் எனக்குக் கிடைத்தது அதுதான்.

மாசி பிறந்த பிறகு ஒரு காலையில் அண்ணன் கண்ணைத் திறந்தான். நான் அப்போது இல்லை. அம்மா சொல்லித்தான் தெரியும். கண்ணைத் திறந்து, மேலே சுற்றிய மின்விசிறியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “தண்ணி குடுங்க” என்றானாம். அம்மா வார்டு முழுக்க ஓடி, முன்பின் தெரியாத ஆட்களின் கையையெல்லாம் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறாள். ‘குடுங்க’ என்றதை அப்போது யாரும் கவனிக்கவில்லை.

நான் சாயங்காலம் போனேன். தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“வாங்க” என்றான். “உக்காருங்க. சாப்டீங்களா?”

கேலி செய்கிறான் என்று நினைத்துச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. நான் உட்காருவதற்காக மரியாதையாகக் காலை ஒதுக்கிக்கொண்டான்.

“அண்ணே, நான் யாரு?”

“தங்கச்சிங்க.”

“என்ன படிக்கிறேன்?”

“காலேசுங்க.”

எல்லாம் சரி. ஆள் அடையாளம் சரி, ஊர் சரி, உறவு சரி. ஆனால் எல்லோருக்கும் ‘ங்க’. அம்மாவுக்கு, எனக்கு, தரை கூட்டுகிற அம்மாவுக்கு, ஜன்னலில் வந்து நின்ற காக்கைக்கும்கூட: “போங்க, போங்க.” நர்ஸம்மாவுக்கு அவனை ரொம்பப் பிடித்துப்போயிற்று. “இந்த வார்டுலயே மரியாதை தெரிஞ்ச ஒரே ஆளு உங்க அண்ணன்தான். மத்ததெல்லாம் வாடி போடிங்குதுக” என்றார்.

அதற்குப் பிறகு கேள்விகள் ஆரம்பித்தன. பெரிய டாக்டரின் கீழே பயிற்சியிலிருந்த சின்ன டாக்டர் ஒருவர் வந்து கேட்பார். பேர் என்ன, எந்த ஊர், இது என்ன இடம், இன்றைக்கு என்ன கிழமை. முதல் தடவை பேரையும் ஊரையும் சொன்னான். “இது என்ன இடம்?” என்றதற்கு, “படப்புங்க” என்றான், வைக்கோல் போரைச் சொல்கிறான். கிழமை கேட்டதற்குச் சிரித்தான்.

“நூறுல ஏழு போனா எவ்வளவு?” என்றார் டாக்டர்.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. “ஐயா, அவன் மூணாப்பு. தலையில அடிபடாதப்பவே அது தெரியாது. எனக்கும் தெரியாது. எங்க ரெண்டு பேரையும் கட்டில்ல படுக்க வைக்கப்போறீகளா?”

சின்ன டாக்டர் சிரித்துவிட்டு, “இன்னும் தேறலைம்மா. கிழமையும் இடமும் சொல்லட்டும், அப்புறம் பாக்கலாம்” என்று போய்விட்டார்.

அம்மா அவர் போகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“ஏண்டி, உனக்கெல்லாம் கேள்வி என்னன்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா எம்புட்டு மார்க்கு வாங்கியிருப்ப?”

“அம்மா, இது பரீட்சை இல்ல.”

“கேள்வி கேக்குறாரு. சொன்னாத் தேறிட்டான்ங்குறாரு, சொல்லாட்டித் தேறலைங்குறாரு. பரீட்சைக்கு வேற என்ன, ரெண்டு கொம்பு இருக்குமா?”

நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஹாஸ்டலுக்குக் கிளம்பினேன்.

அம்மாவும் மாமா மகளும் சேர்ந்து அண்ணனைத் தயார்செய்தார்கள். அவள் வாடிப்பட்டியிலிருந்து காலை பஸ்ஸில் தூக்குவாளியோடு வந்துவிடுவாள். கல்யாணம் ஆகாத பெண் இப்படி வந்து போவதை நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். முறைதானே என்று மாமா விட்டுவிட்டார். ஒரு கவளம், ஒரு கேள்வி. “இது என்ன இடம் மச்சான்?” “ஆஸ்பத்திரிங்க.” வாயில் சோறு. பெரிய டாக்டர் வெள்ளிக்கிழமைதோறும் வார்டைச் சுற்றி வருவார் என்பதால், கிழமைக்கு வெள்ளி என்று சொல்லிக்கொடுத்தார்கள். மற்ற நாளில் கேட்டால் தப்பாகிவிடுமே என்றேன். “மத்த நாள்ல கேக்குறது சின்னவரு. பெரியவரு கேக்குறதுதான் கணக்கு” என்றாள் அம்மா. நான் வகுப்பில் உட்கார்ந்திருக்கிற நேரத்தில் அங்கே இந்தப் பாடம் நடந்தது.

அந்த வெள்ளிக்கிழமை நானும் இருந்தேன். மாமாவும் வந்திருந்தார். அவருக்கு ஒரு நெருக்கடி வந்திருந்தது. திருநகரில் வீடு உள்ள ஒரு குடும்பம், மில்லில் வேலை பார்க்கிற பையனுக்கு மாமா மகளைக் கேட்டிருந்தார்கள். வைகாசிக்குள் முடிக்கவேண்டும் என்றார்களாம். மாமா மோசமான ஆளில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, “என்ன மாப்ள, எப்ப எந்திரிக்கப்போற?” என்று அண்ணனின் தோளைத் தட்டினார். “எந்திரிச்சிருவேனுங்க” என்றான் அண்ணன். மாமாவுக்கு முகம் என்னவோபோல் ஆயிற்று. முன்பெல்லாம் மாமாவையே “என்ன மாமோய்” என்று கட்டிப்பிடித்துத் தூக்குகிறவன் அவன்.

சின்ன டாக்டர்தான் முதலில் வந்தார். பேர். சொன்னான். ஊர். சொன்னான். இடம். “ஆஸ்பத்திரிங்க.” கிழமை. “வெள்ளிக்கிழமைங்க.” டாக்டர் அட்டையில் என்னவோ எழுதிக்கொண்டார்.

“பரவாயில்லையே. ஆளு தேறிட்டாரும்மா.”

அம்மா கைகூப்பினாள். மாமா மகள் தூக்குவாளியின் மூடியைத் திறந்து திறந்து மூடினாள். மாமா தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டு, “அப்ப வைகாசியே இருக்கட்டும்க்கா. திருநகர்க்காரவுகளுக்கு ஆள் சொல்லி விட்டுர்றேன்” என்றார். அங்கே இருந்த அத்தனை பேரும் சந்தோஷமாக இருந்தார்கள். அண்ணனும்தான். எல்லோரும் சிரிப்பதைப் பார்த்து அவனும் சிரித்தான்.

நான் மட்டும் அங்கே நிற்கவில்லை. பெரிய டாக்டரின் அறைக்குப் போனேன். படித்த பெண், நம்மால் முடிந்தது இதுதான் என்று இங்கிலீஷிலேயே ஆரம்பித்தேன்.

“சார், மை பிரதர் டாக்ஸ் டு மீ வெரி ரெஸ்பெக்ட்ஃபுல்லி.”

“குட்” என்றார்.

“நோ சார். நாட் குட். ஐ ஆம் ஹிஸ் யங்கர் சிஸ்டர்.”

“ஸோ?”

“ஹி கால்ஸ் மீ…” என்று தொடங்கி நின்றுவிட்டேன். அங்கே இங்கிலீஷ் முடிந்துவிட்டது. ‘நீ’ என்றாலும் ‘யூ’தான், ‘நீங்க’ என்றாலும் ‘யூ’தான். இத்தனை வருஷம் நான் பாடுபட்டுப் படித்த மொழியில் என் அண்ணனுக்கு நோயே இல்லை. அவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

“சார், என்னைய ‘வாங்க’ங்குறான் சார்” என்றேன். “முன்னாடியெல்லாம் ‘ஏ கலெக்டரு, இங்க வாடி’ம்பான்.”

அவர் பேனாவை மூடினார். “எல்லாரையுமா?”

“காக்காயைக்கூட சார்.”

கேட்டவுடன் அவருக்குச் சிரிப்பு வந்தது. உடனே அது போய்விட்டது. எழுந்து என்னோடு வார்டுக்கு வந்தார். கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, பக்கத்து வீட்டுக்காரர் கேட்பதுபோல, “என்னப்பா, சாப்டாச்சா?” என்றார்.

அண்ணன் அவரையே பார்த்தான். அவன் முதல் கேள்விக்குக் காத்திருந்தான் என்று எனக்குப் பட்டது. அந்தக் கேள்வி வரவில்லை என்றதும் பேரைச் சொன்னான்.

“பேரு தெரியும்ப்பா. சாப்டியான்னு கேட்டேன்.”

“திருவாதவூருப் பக்கமுங்க.”

“என்ன சாப்ட?”

“ஆஸ்பத்திரிங்க.”

டாக்டர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். “வலிக்குதா எங்கேயாவது?”

“வெள்ளிக்கிழமைங்க” என்றான் அண்ணன். எல்லாவற்றையும் சரியாகச் சொல்லி முடித்த திருப்தி அவன் முகத்தில் தெரிந்தது.

அம்மாதான் முன்னால் வந்தாள். டாக்டரிடம் கோபமாகக் கேட்டாள்.

“நீங்க மாத்தி மாத்திக் கேட்டா எப்படிங்கய்யா? அவன் பாவமில்லையா? வரிசையாக் கேளுங்க, சொல்லுவான்.”

டாக்டர் அம்மாவைத் திட்டவில்லை. “சொல்லிக்கொடுத்ததைப் பிடிச்சு வச்சிருக்காரேம்மா, அதுவே நல்லதுதான்” என்றார். அது ஆறுதலா, உண்மையா என்று எனக்கு விளங்கவில்லை.

மாமாதான் கேட்டார், நேராக. “ஐயா, எனக்கு ஒரு வார்த்தை போதும். தேறுவான்னா எம்புட்டு நாளானாலும் காத்திருக்கேன். தேறமாட்டான்னா அதையும் சொல்லிருங்க. ஒரு பொட்டப்புள்ள வாழ்க்கை இதுல இருக்கு.”

“சொல்ல முடியாதுங்க.”

“உங்களுக்கே தெரியாதுன்னா?”

“போயிருவார்னு நான் நினைச்ச ஒருத்தர் பொங்கலுக்குக் கரும்புக் கட்டோட வந்து நின்னாரு. நல்லாயிட்டார்னு வீட்டுக்கு அனுப்பின ஒருத்தர் இன்னிக்கும் சட்டைப் பொத்தானைப் போடத் தெரியாம உக்காந்திருக்காரு. என் கையில இருக்கிறது ஒரு டார்ச் லைட்டு, நாலு கேள்வி. உள்ள என்ன நடக்குதுன்னு பாக்க வழியில்லை. ஒரு வருஷத்துல வரலாம். ரெண்டு வருஷத்துல கொஞ்சம் வரலாம். வராமலும் போகலாம்.”

அவர் போன பிறகு மாமா என்னைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். எச்சில் கறை படிந்த தூண் ஓரம் நின்றோம்.

“நீ படிச்ச புள்ள. டாக்டர் வெளிய சொல்லாததை உன்கிட்ட இங்கிலீசுல சொல்லியிருப்பாரு. என்கிட்டச் சொல்லு. தேறுவானா?”

“இங்கிலீஷ்லயும் அதான் மாமா.”

“உனக்கு என்ன தோணுது?”

“தெரியலை மாமா.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “இம்புட்டுப் படிச்சும் தெரியலைங்குற” என்றார். இடித்துக்காட்டும் நோக்கத்தோடு சொல்லவில்லை. நிஜமாகவே அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. தெரியும் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார். இரண்டில் எதைச் சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பார். அந்தப் பாரத்தை என்னால் தூக்க முடியவில்லை.

மறு வாரம் மாமா மகள் வந்தாள். கேள்வி கேட்கவில்லை. ஊட்டி முடித்து, வாயைத் துடைத்துவிட்டு, அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

“மச்சான், நான் யாரு?”

“மாமன் மகளுங்க.”

“என்னைய எப்படிக் கூப்புடுவீக?”

அவன் யோசித்தான். நெற்றி சுருங்கியது. ஒன்றும் வரவில்லை.

“வாடின்னு சொல்லுங்க” என்றாள். பாடம் சொல்லித்தருகிற அதே குரல்தான். “சொல்லுங்க மச்சான். ‘வாடி.’”

அண்ணன் அவளைப் பார்த்தான். அவளுக்கு வேண்டியதைக் கொடுத்துவிட வேண்டும் என்ற ஆசை அவன் கண்ணில் இருந்தது, அது எனக்குச் சத்தியமாகத் தெரிந்தது.

“வாடிங்க” என்றான்.

பக்கத்துக் கட்டில்காரர் சத்தமாகச் சிரித்துவிட்டார். அவர் மனைவியும் சிரித்தார், நர்ஸம்மாவும். மாமா மகளும் சிரித்தாள். நானும்தான். அடக்க முடியவில்லை. அண்ணனுக்குப் பெருமையாக இருந்தது போலும். இன்னொரு தடவை சொன்னான்: “வாடிங்க.”

அவள் தூக்குவாளியைக் கழுவிக்கொண்டு வந்தாள். கூடையில் வைத்துத் துண்டால் கட்டினாள். “வாரேன் மச்சான்” என்றாள். வாசல் வரை போய் என்னிடம், “ஏ புள்ள, மச்சான் வேலைவெட்டி பாக்காட்டிக்கூடப் பரவாயில்லடி. யாரோ வேத்தாளுகிட்டப் பேசுற மாதிரி இந்தப் பேச்சுதான்…” என்று சொல்லி நிறுத்தினாள். பஸ் போய்விடும் என்று வேகமாக நடந்தாள். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்கு அவள் வரவில்லை. அவளாக வரவில்லையா, மாமா விடவில்லையா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

வைகாசியில் கல்யாணம் நடந்தது, திருநகர்க்காரரோடு. மாமா எங்கள் வீட்டுக்கு வந்து தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்துவிட்டு, அம்மாவின் காலருகில் உட்கார்ந்து குழந்தைபோல் அழுதார். அம்மா அவர் முதுகைத் தடவிவிட்டாள். “உன்மேல என்னடா தப்பு. நாளைக்கு என்னாகும்னு சொல்ல ஆளில்லையே” என்றாள். அண்ணன் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். “குடிங்க” என்றான். கல்யாணத்துக்கும் வந்தான். புதுச்சட்டை போட்டு, பந்தியில் இலைபோட்டான். மணமக்களுக்கு விபூதி பூசியவர்களோடு தானும் போய் நின்று, “நல்லா இருங்க” என்றான். அதற்குமேல் பார்க்காமல் நான் பின்பக்கம் போய்விட்டேன்.

பட்டப் பரீட்சையிலும் நான் தேறினேன். இந்தத் தடவை யாரும் தெருவில் சொல்லிக்கொண்டு போகவில்லை. இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். வருஷக் கடைசியில் பிள்ளைகள் என் மேசையைச் சுற்றி நின்றுகொண்டு, “டீச்சர், நான் தேறிருவேனா?” என்று கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல முடிகிறது. சட்டென்று சொல்லிவிடுகிறேன்.

அண்ணன் எப்படி இருக்கிறான் என்று கேட்பவர்களுக்கு என்ன சொல்வதென்றுதான் தெரியவில்லை. லாரிக்குப் போகவில்லை, தலை சுற்றும். ஆடு மேய்க்கிறான், தொலைப்பதில்லை. கிழமை கேட்டால் என்றைக்கும் வெள்ளிதான். கொஞ்சம் கொஞ்சமாகச் சில சொற்கள் திரும்பின. முதலில் ஆடுகளிடம் ‘ங்க’ போயிற்று. ஒருநாள் வேலியைத் தாண்டிய கிடாயை அவன் வண்டைவண்டையாகத் திட்டியதைக் கேட்டு அம்மா சாமிக்கு விளக்குப் போட்டாள். போன வருஷம் நான் லீவில் ஊருக்குப் போனபோது, “ஏ கலெக்டரு” என்றான். அவ்வளவுதான். பின்னால் ஒன்றுமில்லை, ‘வாடி’யும் இல்லை, ‘வாங்க’வும் இல்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

இந்தப் பங்குனியில் எங்கள் ஊர்க் கோயில் பொங்கலுக்கு மாமா மகள் வந்திருந்தாள். இடுப்பில் குழந்தை. புருஷன் பின்னால் பழத் தட்டோடு வந்துகொண்டிருந்தார். கல்யாணத்துக்குப் பிறகு அவள் எங்கள் வீட்டுக்கு வருவது அதுதான் முதல் தடவை. அண்ணன் வாசலில் உட்கார்ந்து ஆட்டுக்கு வேப்பங்குழை கட்டிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான்.

“ஏ கழுத, உள்ள வாடி” என்றான்.

அதே குரல். இழுவைகூட அதேதான். அவள் அப்படியே நின்றுவிட்டாள். குழந்தை அவள் தாலிக்கயிற்றைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டிருந்தது. அதை எடுக்கவேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. பின்னால் அவள் புருஷனின் செருப்புச் சத்தம் கேட்டது.

உள்ளேயிருந்து அம்மா ஓடிவந்தாள். “டேய், யாரு நிக்கிறான்னு பாத்துப் பேசுடா!”

அண்ணன் மாமா மகளைப் பார்த்தான், குழந்தையைப் பார்த்தான், பின்னால் வந்தவரைப் பார்த்தான். எழுந்து நின்று துண்டைத் தோளிலிருந்து எடுத்தான்.

“வாங்க” என்றான். “உள்ள வாங்க.”

அது பழைய நோயா, புரிந்துகொண்டு கொடுத்த மரியாதையா என்று எனக்குத் தெரியவில்லை. மாமா மகள் என்னைப் பார்த்தாள். நான் சொல்லுவேன் என்று நினைத்தாள் போலிருக்கிறது, படித்தவள் ஆயிற்றே. நான் குழந்தையை வாங்கிக்கொண்டேன். அவள் தலையைக் குனிந்து நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்தாள்.